பசித்த பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு?

காஸாப் பிள்ளைகளுக்காக நமது பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் உதவி சேர்க்கும்போது மா, மருந்து, கூடாரம், போர்வை என்றுதான் பட்டியல் போடுகிறோம். அது சரியானதே. பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களைப் பற்றியும் யோசிக்கலாமே என்று ஒருமுறை ஆசிரியர் ஓய்வறையில் நான் சொன்னபோது, சக ஆசிரியர் ஒருவர் உடனே கேட்டார்: "பசியோட இருக்கிற புள்ளைக்கு கதப் புத்தகம் என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. பாணுக்குப் பதிலாகப் புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வயிறு நிறைந்த பிறகும் யுத்தத்தைக் கண்ட பிள்ளைக்குள் ஒரு வெறுமை மிஞ்சியிருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வியை ஏறத்தாழ 80 வருடங்களுக்கு முன்பே ஒரு பெண்மணி மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்.

அவர் பெயர் ஜெல்லா லெப்மன். 1891இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த யூதப் பத்திரிகையாளர். கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஹிட்லரின் ஆட்சியில் தொழிலை இழந்து, 1936இல் பிள்ளைகளோடு லண்டனுக்குத் தப்பிச் சென்றார். யுத்தம் முடிந்து 1945 ஒக்டோபரில் அமெரிக்க இராணுவம் அவரைத் திரும்பவும் ஜேர்மனிக்கு அழைத்து வந்தது. பெண்கள், இளையோர் விவகாரங்களுக்கான ஆலோசகர் என்ற பொறுப்பு. தன்னை விரட்டிய நாட்டின் பிள்ளைகளுக்காகவே அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

அவர் கண்டது இடிபாடுகளுக்கிடையே உணவு தேடித் திரிந்த பிள்ளைகளை. உணவோடு சேர்த்துப் புத்தகமும் வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய 12 வருடங்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் கிடைக்காமல் இருக்கவில்லை. கிடைத்தவற்றில் பல விஷமாக இருந்தன என்பதுதான் பிரச்சினை. 1938இல் 'நச்சுக் காளான்' என்ற பெயரில் ஒரு படக்கதைப் புத்தகம் அங்கே வெளிவந்தது. காளான்களில் நல்லதையும் நஞ்சையும் பிரித்தறிவது போல யூதர்களை அடையாளம் காண வேண்டும் என்று சிறுவர்களுக்குக் கற்பித்த நூல் அது. கதையின் சக்தியை நல்லவர்கள் மட்டும் அறிந்து வைத்திருக்கவில்லை. ஆசிரியர்களாகிய நாம் இதை மறக்கக் கூடாது.

லெப்மன் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டின் மிகச் சிறந்த சிறுவர் நூல்களை அனுப்புங்கள், எங்களிடம் பணமில்லை என்று கேட்டார். ஜேர்மனியால் அழிவைக் கண்ட நாடுகளும் அவற்றில் இருந்தன. பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. இரண்டு முறை ஜேர்மனியப் படையெடுப்புக்கு உள்ளான நாடு அது. கோபம் இருக்கத்தானே செய்யும்? லெப்மன் விடவில்லை. மூன்றாவது முறை அப்படி நடக்காமல் இருக்க வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கருத்தில் மீண்டும் எழுதினார். புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

1946 ஜூலை 3ஆம் திகதி மியூனிக் நகரில் அந்தக் கண்காட்சி திறக்கப்பட்டது. தான் விரும்பிய கலையை மட்டும் காட்சிப்படுத்துவதற்காக ஹிட்லர் கட்டுவித்த மண்டபத்திலேயே பல நாட்டுப் பிள்ளைகளின் புத்தகங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. பின்னர் கண்காட்சி பெர்லினுக்கும் போனது. அங்குதான் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் நடந்தது. வந்த பிள்ளைகளுக்குக் கையில் கொண்டுபோக ஒரு புத்தகமாவது கொடுக்க வேண்டும் என்று எண்ணிய லெப்மன், மன்ரோ லீஃப் என்ற அமெரிக்கர் எழுதிய 'பெர்டினான்ட்' கதையைத் தானே ஜேர்மன் மொழிக்கு மாற்றி, பத்திரிகைத் தாளில் 30,000 பிரதிகள் அச்சிட்டுப் பகிர்ந்தார்.

பெர்டினான்ட் ஒரு காளை. மற்றக் காளைகள் முட்டி மோதும்போது அது மரநிழலில் அமர்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும். தேனீ கொட்டியதால் துள்ளிய காளையை மூர்க்கமானது என்று நினைத்து மாட்டுச் சண்டை அரங்குக்குக் கொண்டு போகிறார்கள். அங்கேயும் அது சண்டை பிடிக்கவில்லை. பூ வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. வேறு வழியின்றித் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. சண்டைதான் வீரம் என்று கேட்டே வளர்ந்த ஒரு பெர்லின் சிறுவன் இதைப் படித்துச் சிரித்திருப்பானா, திகைத்திருப்பானா? இரண்டும் நடந்திருக்கலாம். கதைக்குள் ஹிட்லர் இல்லை, தோல்வி இல்லை, அறிவுரையும் இல்லை. அதனால்தான் அது உள்ளே போகும்.

லெப்மன் 1949இல் மியூனிக்கில் சர்வதேச இளையோர் நூலகத்தையும், 1953இல் சிறுவர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பையும் உருவாக்கினார். ஏப்ரல் 2ஆம் திகதி வரும் சர்வதேச சிறுவர் நூல் தினமும் அந்த அமைப்பினால் ஏற்பட்டதே. நம் பாடசாலைகளில் அந்தத் தினம் நினைவுகூரப்பட்டதை நான் அதிகம் கண்டதில்லை.

இலக்கியம் நம்பிக்கை தருகிறது என்று மேடைகளில் சொல்லிவிடுகிறோம். எப்படித் தருகிறது? என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். யுத்தத்தில் பிள்ளை வீட்டை இழக்கும், புத்தகப் பையை இழக்கும். அவற்றோடு 'நாளை' என்பதையும் இழந்துவிடும். பாடசாலை எப்போது திறக்கும், ஊருக்கு எப்போது போவோம் என்று கேட்டால் பெரியவர்களிடம் பதில் இராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எனக்கு அப்போது எட்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் வாப்பாவிடமும் உம்மாவிடமும் எத்தனையோ கேள்விகள் கேட்டிருப்போம், அவர்கள் மௌனமாகிவிடுவார்கள். உம்மும்மா மட்டும் இரவில் குப்பி விளக்கை அணைத்துவிட்டு யூசுப் நபியின் சரிதையைச் சொல்வார். சகோதரர்கள் அவரைக் கிணற்றுக்குள் போட்ட இடத்தில் நிறுத்திவிடுவார். "பிறகு?" என்று கேட்போம். "நாளைக்குச் சொல்றன், தூங்குங்க" என்பார். அந்த முகாமில் 'நாளைக்கு' என்ற சொல்லை உறுதியாகச் சொல்லக்கூடியவராக அவர் ஒருவரே இருந்தார்.

கதை செய்வது அதைத்தான். கெட்டது நடந்த இடத்தோடு அது முடிவதில்லை, 'பிறகு' ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைக்குப் பழக்குகிறது. இன்னொன்றும் உண்டு. பயமாக இருக்கிறதா என்று ஒரு பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டால் "இல்ல சேர்" என்றுதான் வரும். கிணற்றுக்குள் இருந்தபோது யூசுப் நபி என்ன நினைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். இருட்டு, தண்ணீர், வாப்பாவின் ஞாபகம் என்று பிள்ளை கொட்டித் தீர்த்துவிடும். பேசுவது தன்னைப் பற்றித்தான். ஆனால் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காக இனிப்புப் பூசிய கதைகளை மட்டும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனபானி இதை வகுப்பறையிலேயே கண்டுகொண்டவர். 1948இல் 12 வயதில் அக்கா நகரிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, பின்னர் டமஸ்கஸில் அகதிப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். பாடத்திட்டத்தின்படி ஒருநாள் அப்பிளையும் வாழைப்பழத்தையும் கரும்பலகையில் வரையத் தொடங்கினார். இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. வரைந்ததை அழித்துவிட்டு, உங்கள் முகாமை வரையுங்கள் என்றார்.

அவரே 1963இல் தன் சகோதரியின் மகள் லமீஸுக்காக 'சின்ன விளக்கு' என்ற கதையை எழுதிக் கொடுத்தார். சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டிய ஓர் இளவரசியின் கதை அது. ஆயிரக்கணக்கானோர் விளக்குகளோடு வந்து சேரும்போது வாசல் போதாமல் மதில்களை உடைக்க வேண்டி வருகிறது. 1972 ஜூலை 8ஆம் திகதி பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து கனபானி கொல்லப்பட்டார். உடன் இருந்த லமீஸும் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 17. கதையால் குண்டைத் தடுக்க முடியாது. இதை மறைத்துவிட்டு இலக்கியத்தின் வல்லமை பற்றிப் பேசினால் பிள்ளைகளுக்கு நாம் பொய் சொன்னவர்களாவோம்.

ஆனாலும் யுத்தத்தில் வாழ்பவர்களே புத்தகத்தைக் கைவிடுவதில்லை. 2021 மே மாதம் காஸா நகரில் சமீர் மன்சூர் புத்தகக் கடை இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் தரைமட்டமானது. சுமார் ஒரு இலட்சம் புத்தகங்கள் அழிந்தன. உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடைகளால் 2022 பெப்ரவரியில் அந்தக் கடை மீண்டும் திறக்கப்பட்டது.

நமது வகுப்பறைகளும் இதற்கு வெளியே இல்லை. 2023 ஒக்டோபருக்குப் பிறகு வாப்பாவின் கைத்தொலைபேசியில் தம் வயதுப் பிள்ளைகளின் ஜனாஸாக்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் மாணவர்கள் பாடசாலைக்கு வருகிறார்கள். சித்திரப் பாடத்தில் இடிந்த வீடுகள் வருகின்றன. அதைப் பற்றிப் பேசப் பாடவேளை ஒதுக்கப்படவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் வருகிறது, வினாத்தாள் செய்ய வேண்டும். கதைப் புத்தகங்களோ அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் வெளியே எடுத்துப் படம்பிடித்துவிட்டுத் திருப்பி அடுக்கும் பாடசாலைகளும் உண்டு.

தொடங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பாய், பத்துப் புத்தகங்கள், கிழமைக்கு ஒரு நாள் 20 நிமிடம். ஆசிரியரே உரத்து வாசிக்க வேண்டும். தெரிந்த ஒருவரின் குரல் பிள்ளைக்குத் தரும் ஆறுதலைத் திரை தராது. சிங்கள, தமிழ், அரபுக் கதைகள் கலந்திருந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் "இக்கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். எங்களுக்குப் பழகிப்போன கேள்வி அது, நாக்கு நுனியில் நிற்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளைகளே ஏதாவது சொல்வார்கள். ஒன்றும் சொல்லாத பிள்ளையை விட்டுவிடுங்கள். அடுத்த கிழமை அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், முதல் பக்கத்திலிருந்து மீண்டும் வாசித்துக் காட்டுங்கள்.