எட்டுத் துளி நீருக்கு ஒரு தீக்குச்சி

ஒரு தீக்குச்சி தலை முதல் அடி வரை முழுதாக எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 1,000 ஜூல். 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 2,570 ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரு குச்சியின் வெப்பத்தில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் விறகுக்குள் போனாலும், அது விரட்டக்கூடிய நீர் 0.4 கிராம்தான். சுமார் எட்டுத் துளி.

மழையில் கிடந்த விரல் பருமன் சுள்ளி ஒன்று 5 கிராம் நீரைச் சுலபமாகக் குடித்திருக்கும். அதை உலர்த்த மட்டும் 13 குச்சிகள் ஆகும். உண்மையில் குச்சியின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு மேலே போய்விடுவதால், ஒரு பெட்டியையே காலி செய்தாலும் சுள்ளி புகைந்துவிட்டு அணைந்துவிடும். மழைக்காலத்தில் மலையிலோ ஆற்றங்கரையிலோ அடுப்பு மூட்டப் பார்த்துத் தோற்றவர்கள் தீப்பெட்டியைத் திட்டுவார்கள். பாவம், அதன் மீது தவறில்லை.

விறகு எரிகிறது என்கிறோம். முதலில் எரிவது விறகு அல்ல, அதிலிருந்து கிளம்பும் வாயு. மரம் 250 முதல் 300 டிகிரி வரை சூடானால்தான் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஆகவே ஈரத்தில் தீ மூட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, அது எவ்வளவு சூடு என்பதல்ல. எவ்வளவு வெப்பத்தை, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் கொடுக்கும் என்பதுதான். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. கம்பி மத்தாப்பின் பொறி கையில் விழுந்தால் சுருக்கென்று பட்டு மறைந்துவிடும்; அதைவிடப் பலமடங்கு சூடு குறைந்த கொதிநீர் ஒரு கரண்டி விழுந்தால் தோல் வெந்துவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஃபெரோ ராட் என்று விற்கப்படும் கறுப்புக் கம்பியை வாங்கி ஏமாறுகிறார்கள். கம்பி நல்ல கம்பிதான். இரும்பும் சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களும் கலந்த ஃபெரோசீரியம் அது. கத்தி முதுகால் சுரண்டினால் தெறிக்கும் துகள்கள் காற்றுப் பட்டதும் தாமே பற்றி 3,000 டிகிரியைத் தொடும். தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தாலும் வேலை செய்யும். ஒவ்வொரு சுரண்டலிலும் புதிய, ஈரமில்லாத உலோகம் வெளிப்படுவதுதான் காரணம். ஆயிரக்கணக்கான முறை சுரண்டலாம், எரிபொருள் தீரும் கவலை இல்லை. ஆனால் துகள் ஒவ்வொன்றும் மணலைவிடச் சிறியது, நொடிப்பொழுதில் அணைவது. பஞ்சு போன்ற உலர்ந்த, மெல்லிய பொருள்மேல் விழுந்தால் தீ. ஈரச் சருகின்மேல் விழுந்தால் வெறும் வேடிக்கை.

இந்தக் கம்பிக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்தான் கேஸ் விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்தவர். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அதன் வாரிசே. மேண்டிலுக்குத் தேவை தோரியம். அதை மோனசைட் என்ற கனிமத்திலிருந்து எடுத்தபின் சீரியமும் அதன் உறவு உலோகங்களும் மலைபோல் மிஞ்சின. அந்த மிச்சத்தை இரும்போடு கலந்து 1903-ல் அவர் உருவாக்கியதே ஃபெரோசீரியம். மேண்டில் தொழிலுக்கு மோனசைட் தேடி அலைந்த காலத்தில், 1909-ல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் அது நிறைந்திருப்பதைக் கண்டறிந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரில் இப்போதும் கனிம மணல் ஆலை இயங்குகிறது. சிகரெட் லைட்டரில் ‘கல்’ என்று நாம் மாற்றுவதும் இதே ஃபெரோசீரியம்தான், சிக்கிமுக்கிக் கல் அல்ல.

தீக்குச்சிக்கு வருவோம். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள், இவற்றைப் பிடித்துவைக்கும் பசை. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசும்போது பாஸ்பரஸில் துளி வெண்பாஸ்பரஸாக மாறிப் பற்றுகிறது, குளோரேட் ஆக்சிஜன் கொடுக்கிறது. மருந்து நனைந்தால் முதலில் கெடுவது பசை. தலை குழைந்து, உரசினால் பெட்டிமேல் சேறாக இழுத்துக்கொண்டு போகும். குச்சி உலர்ந்திருந்து பெட்டி நனைந்தாலும் அதே கதி. இரண்டில் ஒன்று போனாலும் இரண்டும் போனதுபோல என்பது பாதுகாப்புத் தீக்குச்சியின் பலவீனம்.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் அடைமழையில் அமெரிக்கச் சிப்பாய்களின் தீக்குச்சிகள் வீணாகவே, டைமண்ட் மேட்ச் நிறுவனத்தின் ரேமண்ட் கேடி என்ற வேதியியலாளர் எட்டு மணி நேரம் நீரில் கிடந்தாலும் பற்றும் குச்சியை உருவாக்கினார். இப்போது மலையேற்றக் கடைகளில் கிடைக்கும் புயல் தீக்குச்சிகளின் தலை, குச்சியில் பாதி நீளத்துக்கு இருக்கும். மேலே மெழுகோ வார்னிஷோ பூசியிருக்கும். ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருப்பதால் காற்றில் அணையாது. விலைதான் அதிகம். வீட்டிலேயே சாதாரணக் குச்சியின் தலையை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுக்கலாம். உரசும் பட்டையையும் வெட்டி, இரண்டையும் இறுக மூடும் சிறு டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். பட்டையை மறந்துவிட்டுக் குச்சிக்கு மட்டும் மெழுகு பூசிக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம்.

சிவகாசியும் கோவில்பட்டியும் சாத்தூரும் தீப்பெட்டியால் வாழும் ஊர்கள். மலிவு லைட்டர்களால் அந்தத் தொழில் அடிவாங்கியதும், 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர்களின் இறக்குமதியை 2023-ல் மத்திய அரசு தடைசெய்ததும் நமக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்கள்மீது எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. இருந்தாலும் மழையில் ஒரே ஒரு கருவிதான் எடுத்துப்போகலாம் என்றால், சக்கரம் உருட்டும் சாதாரண கேஸ் லைட்டரைத்தான் சொல்வேன். 4 கிராம் பியூட்டேன் இருந்தால் 180 கிலோஜூல், அதாவது 180 குச்சிகளின் வெப்பம். சுடரை ஒரே இடத்தில் பிடித்து வைக்கலாம். நனைந்தால் ஊதி, சக்கரத்தைத் துணியில் பத்துப் பதினைந்து தடவை உருட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அமுக்கினால் ‘டக்’ என்று மின்பொறி வரும் லைட்டர்கள் ஈரத்தில் சண்டித்தனம் செய்யும், அவற்றை நம்பவேண்டாம். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. உறைபனி விழும் மார்கழி விடியலில் ஊட்டியிலோ, இமயமலையிலோ அது ஆவியாக மறுக்கும். சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தால் போதும்.

எந்தக் கருவியானாலும் சுடருக்கும் விறகுக்கும் நடுவே ஒரு தரகர் தேவை: நீரை உறிஞ்சாத, சிறு தீயில் பற்றி நின்று எரியும் பொருள். வால்பாறையில் ஒரு தென்மேற்குப் பருவமழை மதியம், தேயிலைக் காட்டு ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே மூன்று கல் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடம். அவர் மடியிலிருந்து எடுத்த பாலித்தீன் பையில் தீப்பெட்டி, பன்னாடைத் துண்டு, சைக்கிள் டியூபில் வெட்டிய நாடா. “டியூப வெச்சா எப்பேர்ப்பட்ட மழைக்கும் புடிச்சுக்கும் தம்பி. ஆனா சோத்து அடுப்புல வெக்கமாட்டேன், நாத்தம் ஏறிரும். அதுக்குத்தான் பன்னாட” என்றார். பன்னாடையை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துப் பஞ்சாக்கி, மேலே ஈர்க்குச்சி பருமனுக்குச் சீவிய உள்மரத்தை வைத்து, ஒரே குச்சியில் பற்றவைத்தார். ரப்பர் நீரை உறிஞ்சாது, கிராமுக்கு விறகைப்போல் இரண்டு மடங்கு வெப்பம் தரும், புகைதான் நஞ்சு. அவர் அதை ஒதுக்கியது சரியே.

இந்தத் தரகர் வேலைக்கு என்னுடைய முதல் தேர்வு பெட்ரோலியம் ஜெல்லி தேய்த்த பஞ்சு. பஞ்சு திரியாகிறது, ஜெல்லி எண்ணெயாகிறது. 2 கிராம் ஜெல்லியில் 80 கிலோஜூலுக்குமேல் இருக்கிறது; பல நிமிடங்கள் நின்று எரியும். நடுவே பிய்த்து இழையை வெளியே எடுத்தால் ஃபெரோ ராட் பொறியிலும் பற்றும். போடிநாயக்கனூர்ப் பக்கம் கிடைக்கும் இலவம்பஞ்சு இன்னும் விசேஷம். அதன் இழைக்கு இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் ஒட்டாது. ஒருகாலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் அடைத்தது இதைத்தான். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துபோகும், ஜெல்லி சேர்த்தே ஆகவேண்டும். கற்பூரமும் சிறந்த பொருள்: நீரில் கரைவது மிகக் குறைவு, கிராமுக்கு 38 கிலோஜூலுக்கு மேல் வெப்பம். காற்றில் கரைந்து காணாமல்போகும் குணம் இருப்பதால் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும்.

விறகிலும் தேர்வு உண்டு. தரையில் கிடப்பதைவிட மரத்திலேயே காய்ந்து தொங்கும் கிளை நல்லது. ஒடித்தால் ‘சடக்’கென்று முறியவேண்டும். பட்டையை உரித்து, பிளந்து, உள்மரத்தைச் சீவினால் எந்த மழையிலும் உலர்ந்த விறகு கிடைக்கும். ஈரத் தரைமேல் நேராக மூட்டினால் மண் வெப்பத்தைக் குடித்துவிடும் என்பதால், அடியில் நாலு கட்டையைப் பரப்பிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் ஊற்றும் யோசனை மட்டும் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நின்று முகத்தில் வெடிக்கும். மூடிய கூடாரத்துக்குள் தீ வைத்தால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். காப்புக்காடுகளில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்த மலையேற்றக்காரர்களை மறக்க முடியாது. மழை பெய்கிறதே என்று காட்டுக்குள் அடுப்பு மூட்டத் துணியாதீர்கள். அனுமதி உள்ள முகாம், தோட்டம், சொந்த நிலம், வெள்ளத்தில் மின்சாரம் போன வீட்டின் முற்றம், இவை போதும்.

லைட்டர், ஃபெரோ ராட், மெழுகு தோய்த்த குச்சிகள், ஜெல்லிப் பஞ்சு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கைப்பிடிதான். ஒரே டப்பாவில் அடைக்காமல் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஃபெரோ ராட்மேல் நகப்பூச்சைப் பூசிவையுங்கள். உப்புக்காற்றில் அது அரித்துப் பொடியாகிவிடும். ஐப்பசி மழை தொடங்குமுன் எல்லாவற்றையும் டப்பாவோடு ஓர் இரவு வாளித் தண்ணீரில் அமிழ்த்திவைத்து, காலையில் முற்றத்தில் ஈரக் கையோடு பற்றவைத்துப் பாருங்கள். எது கைவிட்டது, டப்பாவின் மூடியா, குச்சியின் மெழுகா, நனைந்த பட்டையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மாற்றிக்கொள்ள கடையும் பக்கத்திலேயே இருக்கும்.