காரில் ஒலிக்கும் கைப்பேசிப் பாட்டு

பெங்களூரிலிருந்து சேலம் வரை சுமார் 200 கி.மீ. கன்னடமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளின் செவியில் இடையறாது தமிழ்ப்பாட்டு விழுவதற்கு இப்பயணத்தினும் சிறந்த வாய்ப்பு ஏது? நகர் பின்தங்கியதும் பண்பலை வானொலி கரகரத்து மறையும். கைப்பேசிப் பாட்டோ, கம்பியின்றியே காரின் ஒலிபெருக்கியில் தொடரும்.

'புளூடூத்' என்னும் இவ்வேற்பாட்டை 1994-இல் சுவீடனின் எரிக்ஸன் நிறுவனத்தார் ஆராயத் தொடங்கினர். டேனியரை ஒன்றுசேர்த்த பத்தாம் நூற்றாண்டு மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர் அது. 'நீலப்பல்லன்' என்று பொருள்!

இவ்வலை சில மீட்டரே செல்லும். இதற்குக் கோபுரம் வேண்டா. தொப்பூர்க் கணவாயில் பாட்டு நின்றால், பெரும்பாலும் அறுந்தது இணையத் தொடர்பேயாகும். ஆதலின் முதல்நாள் இரவே பாடல்களைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்க. சில பழைய கார்களில் புளூடூத் பேச்சுக்கு மட்டுமே உதவும். இசைக்குரிய ஏற்பாடு தனி. அது இல்லையேல் கம்பியே போதும், அதில் நாணம் எதற்கு?

நிற்க. அழைப்பு வந்தால் பாட்டு நின்று, பேசுவோர் குரல் வண்டியெங்கும் முழங்கும். கடன் கொடுத்தவர் கேட்பதை மைத்துனரும் கேட்பார்!

வண்டி ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடலாகாது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பின்னிருக்கைப் பிள்ளைகளிடம் விடுக. பாட்டின் பெயரைத் தமிழில் படித்துச் சொல்லச் செய்க.