வீட்டுப் படிப்பு எது? வீட்டு வேலை எது?



கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "எங்க சபைக்கு வர்ற ஒரு குடும்பம் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறதில்லை. பைபிளும் பாடமும் அம்மாவே வீட்ல சொல்லிக் கொடுக்கிறாங்க. நாமும் அப்படிச் செய்யலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். கிறிஸ்தவ உறுப்பினர்கள் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. எல்.கே.ஜி. பீஸ் கட்டக் குழுவில் கடன் கேட்கும் அம்மாக்களும் கேட்கிறார்கள்.

ஆறு வயது வரைக்கும் தாராளமாகச் செய்யலாம் என்பது எங்கள் பதில். அதற்குமேல் நம்மில் பெரும்பாலோருக்கு அது சரிவராது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கிறிஸ்தவர்களிடம் வீட்டில் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் புதிதல்ல. ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேச நூல், வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக் கொடுக்கவே எழுதப்பட்டது. கேள்வியும் பதிலுமாக இருக்கும். 1706-ல் நமக்குப் பக்கத்தில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மறு வருடமே அங்கே பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டார்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். வீட்டிலும் சொல்லிக் கொடுத்தார்கள், பள்ளிக்கும் அனுப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கடன்பட்ட வீட்டில் நடந்த பள்ளி

வீட்டுக் கல்வி என்றாலே பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு தாய், இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்டு சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. மன்னார்குடி பின்லே பள்ளி அந்த மெதடிஸ்டு மிஷன் வழி வந்ததுதான், நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சூசன்னா பெற்றது 19 பிள்ளைகள். அதில் ஒன்பது குழந்தையிலேயே இறந்துவிட்டன. கணவர் சபை ஊழியர், வீட்டில் எப்போதும் கடன். 1705-ல் கடனைக் கட்ட முடியாமல் அவரைச் சிறையிலேயே போட்டார்கள். 1709-ல் வீடு தீப்பிடித்து எரிந்தது. இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த அம்மா தினமும் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஐந்து வயது முடியும்வரை எழுத்துப் பாடம் கிடையாது. பேச்சு வந்த உடனே காலையில் எழும்போதும் இரவு படுக்கும்போதும் ஜெபம் மட்டும் சொல்லித் தருவார். ஐந்தாம் பிறந்தநாள் கழிந்த மறுநாள் எழுத்து தொடங்கும். ஒரே நாளில் எல்லா எழுத்தும் படித்துவிட வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. அவர்களை அப்போது மந்தம் என்று நினைத்தாராம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். (ஆங்கிலத்தில் எழுத்து 26. தமிழில் 247. அதனால் ஒரே நாளில் முடிக்கணும் என்று யாரும் பிள்ளையைப் போட்டு வதைக்காதீர்கள்!) எழுத்து தெரிந்ததும் தனிப் பாடப்புத்தகம் எதுவும் இல்லை, பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரம் முதல் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். வாரத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு. ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவனாகி வெளியே போன பிறகும் அந்த வியாழக்கிழமையை அவர் மறக்கவில்லை. நமக்கு மூன்று பிள்ளை இருந்தால் வாரத்தில் மூன்று மாலை போதும். காசு செலவில்லை.

பிள்ளைகளை வளர்த்த முறை பற்றி 1732-ல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் இந்த அம்மா ஒரு விதியைச் சொல்கிறார். பெண் பிள்ளை நன்றாகப் படிக்கக் கற்றுக்கொள்ளும்வரை அவளுக்கு வேலை பழக்கக் கூடாது என்பது அந்த விதி. தைக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சீக்கிரமே உட்கார வைத்துவிடுவதால்தான் பெண்கள் பலருக்குச் சரளமாகப் படிக்க வருவதில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறார். வீட்டில் வைத்துப் படிக்க வைத்த தாயே இதைச் சொல்லியிருக்கிறார். சுமார் 300 வருடத்துக்கு முந்தைய பேச்சு, நம்ம தெருவைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லையா?

நம்ம அடுப்படியில் என்ன இருக்கிறது

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாடம் அன்றாட வேலையிலேயே கிடக்கிறது. அரிசி அளக்கும்போது ஆழாக்கையும் படியையும் பிள்ளை கையில் கொடுங்கள். எட்டு ஆழாக்கு ஊற்றினால் ஒரு படி நிறைகிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கட்டும். மீன் கூறு கட்டும்போது ஒரு கூறில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பெரிய மீன், சின்ன மீன் பிரிப்பதும் கணக்குதான். கோலப்புள்ளி வைக்கும்போது இடைப்புள்ளியா நேர்ப்புள்ளியா என்று கேளுங்கள். பல்லாங்குழிக்கு மேல் ஒரு கணக்கு வாத்தியார் உண்டா?

ஜெபிக்கும் வீடுகளில் இன்னும் வசதி. 53 மணி செபமாலையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, பத்துப் பத்தாக ஐந்து தடவை, அதோடு ஒரு மூன்று என்று தானாகவே கணக்குப் பழகுகிறது. சபையில் பலகையில் எழுதிப் போடும் பாட்டு நம்பரைப் பார்த்துப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதிகாரம் எது, வசனம் எது என்று தேடும்போது எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும். தவக்காலத்தில் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, கடைசியில் இல்லாதவருக்குக் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பிடியைப் பிள்ளையே போடட்டும். எதற்காக எடுக்கிறோம் என்று அது கேட்கும், நீங்கள் பதில் சொல்வீர்கள். நம்ம குழுச் சேமிப்பையும் அதே மாதிரி ஒருநாள் சொல்லிக் கொடுக்கலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எங்கிருந்து வருகிறார்கள், இன்னும் எவ்வளவு தூரம் என்று பேசுங்கள்.

இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் இதேபோல் அவரவர் வழி உண்டு. மாங்கனித் திருவிழா வந்தால் காரைக்கால் அம்மையார் கதையை நம்ம ஊர்ப் பாட்டிமார் சொல்லாமல் விடுவார்களா? கதை கேட்ட பிள்ளைக்குப் பேச்சும் நினைவும் வளரும். நோன்புக் காலத்தில் பிறை பார்க்க மாடிக்கு ஓடும் பிள்ளை, நிலா தேய்வதையும் வளர்வதையும் புத்தகம் இல்லாமல் தெரிந்துகொள்கிறது.

அதனால் மூன்று வயதுப் பிள்ளையின் எல்.கே.ஜி. பீஸுக்காகக் கடன் வாங்குவது எங்களுக்குச் சம்மதமில்லை, நேராகவே சொல்லிவிடுகிறோம். அங்கன்வாடி இருக்கிறது. 1975-ல் தொடங்கிய திட்டம், ஆறு வயதுவரை சத்துணவும் முன்பருவக் கல்வியும் இலவசம். அங்கே சரியாக நடக்கவில்லை என்றால் குழுவாகப் போய்க் கேட்போம். கடன் வாங்கி வேறு இடம் தேடுவதை விட அது நல்லது.

ஆறு வயதுக்குப் பிறகு

2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் எழுதவில்லை. நகரங்களில் சில குடும்பங்கள் வீட்டிலேயே படிக்க வைத்து, 14 வயதானதும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பது இதனால்தான்.

அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே படித்த தாயோ தகப்பனோ முழு நேரமும் பிள்ளையோடு இருக்கிறார்கள், புத்தகம் இருக்கிறது, அவர்களுக்கு மாதச் சம்பளம் தடையில்லாமல் வருகிறது. நாம் விடியுமுன் மீன் எடுக்கப் போகிறோம், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறோம். நாம் போன பிறகு வீட்டில் இருக்கும் எட்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? தம்பியைப் பார்த்துக்கொள்வாள், தண்ணீர் பிடிப்பாள், சோறு வடிப்பாள். "வீட்லயே படிக்கிறா" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் பயமே இதுதான்.

வித்தியாசம் தெரிய ஒரே ஒரு கேள்வி போதும். பிள்ளை இன்று வீட்டில் இருந்ததால் யாருடைய வேலை முடிந்தது? ஆழாக்கை வைத்து அரிசி அளந்த பிள்ளையால் நம்ம வேலை இன்னும் தாமதம்தான் ஆகும், தரையெல்லாம் அரிசி சிந்தும். அது படிப்பு. பிள்ளை இருந்ததால் நமக்கு வேலை சுலபமானது என்றால் அது வேலை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதைப் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும்தான் அனுமதிக்கிறது.

ஏற்கெனவே நின்றுபோன பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் தயங்க வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், விடுபட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். பிறப்புச் சான்று இல்லை, பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. வரும் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் 6 முதல் 14 வயதுக்குள் பள்ளி போகாத பிள்ளைகளின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். பெண் பிள்ளைகள் பெயரை முதலில் எழுதுங்கள்.