கர்ப்ப காலத்தில் வேலை போனால்: கையெழுத்துப் போடும் முன்



"நீ கர்ப்பிணி, அதனால் உனக்கு வேலையில்லை" என்று எந்த முதலாளியும் வாய் திறந்து சொல்வதில்லை. "ஓடர் குறைந்துவிட்டது", "டார்கெட் போகவில்லை", "வீட்டில் ஓய்வெடுங்கள், பிள்ளை பிறந்த பின் பார்ப்போம்" என்றுதான் சொல்வார்கள். கூடவே ஒரு தாளையும் நீட்டுவார்கள். நமது புத்தளம் பகுதியில் அது பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், இந்த மாதச் சம்பளத்தை இன்றே எடுத்துப் போகலாம்" என்பார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நம் கரையோரப் பெண்கள் இன்று கருவாட்டு வாடியில் மட்டும் வேலை செய்யவில்லை. இறால் பதனிடும் இடங்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், கடைகளிலும், கணக்கு எழுதும் அறைகளிலும் இருக்கிறார்கள். பக்கத்துக் கம்பஹா மாவட்டத்தில், கட்டுநாயக்கவில் இருந்த நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை 2025 மே மாதம் மூடப்பட்டபோது 1,416 பேர் வேலை இழந்தனர். அதே நிறுவனத்துக்கு நமது மாவட்டத்தில் ஆண்டிகம, நவகத்தேகம ஆகிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் இருப்பதால் அச்செய்தி இங்கும் பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. ஆயிரம் பேர் ஒன்றாக வெளியேற்றப்பட்டால் பத்திரிகை எழுதும், தொழிற்சங்கம் பேசும். ஐந்து மாத வயிற்றோடு ஒரு பெண் மட்டும் வெளியே அனுப்பப்பட்டால் யார் பேசுவது? அவளேதான் பேச வேண்டும்.

கர்ப்பத்தை மாத்திரம் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது இந்நாட்டில் பழைய சட்டம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைப் பெண்களுக்கும், 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடையிலும் அலுவலகத்திலும் இருப்போருக்கும் இந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. ஆனால் "மாத்திரம்" என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். முதலாளி வேறொரு காரணத்தைச் சொல்லிவிட்டால், உண்மையான காரணம் கர்ப்பமே என்று நிறுவுவது கடினம். ஆகவே அதை மட்டும் நம்பி வாதாட வேண்டாம். அதைவிட வலுவான ஒரு கேள்வி உங்களிடம் இருக்கிறது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின் பிரகாரம், 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதாயின் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான முன் அனுமதி. மற்றது, அந்த ஊழியரின் எழுத்து மூலமான முன் சம்மதம். முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருந்தால் நீங்களும் இதில் அடங்குவீர்கள். இவ்விரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவதற்கும் இதே விதிதான்.

இப்போது புரிகிறதா, அந்தத் தாள் எதற்கு நீட்டப்படுகிறது என்று? ஆணையாளரின் அனுமதியைப் பெறுவது முதலாளிக்குச் சிரமம். உங்கள் கையெழுத்தைப் பெறுவது இலகு. "நானே விருப்பத்துடன் விலகுகிறேன்" என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் கையில் இருந்த பலமெல்லாம் பேனா முனையில் போய்விடும்.

எனவே கோபப்படாமல், அழாமல், "தமிழில் தாருங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். கணவரோ, வாப்பாவோ, நானாவோ கூட வரட்டும். அங்கே பேசும்போது இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலக்க விடாதீர்கள். சில முதலாளிமார் ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான பணத்தையே நஷ்டஈடு என்று பெயர் சூட்டித் தருவார்கள்.

வேலை செய்த நாட்களின் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி (உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம்), ஊழியர் நம்பிக்கை நிதியம் (முதலாளி செலுத்தும் 3 வீதம்), ஐந்து வருடம் பூர்த்தியாயின் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை: இவை பேரத்துக்குரியவை அல்ல. நீங்கள் விலகினாலும் விலக்கப்பட்டாலும் உங்களுடையவை. பேசித் தீர்க்க வேண்டியது இவற்றுக்கு மேலான நஷ்டஈடு.

அதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. மேற்படி சட்டத்தின் கீழ் 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரப்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாம் வருடம் முதல் பதினான்காம் வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆறு வருடம் வேலை செய்திருந்தால் பதினான்கரை மாதம், அதாவது 4,35,000 ரூபாய். பணிக்கொடை 90,000 ரூபாய் இதற்குப் புறம்பானது. "இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், போய் வாருங்கள்" என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இழந்துபோகும் பிரசவ விடுமுறையின் சம்பளத்தையும் தனியாகக் கேளுங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள். மூன்றாவது பிள்ளைக்கு 42 நாட்கள்தான் என்று இன்னும் பழைய கதை சொல்வோர் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

"காசுக்காக வழக்காடுவது முஸ்லிம் பெண்ணுக்கு அழகா?" என்று என்னிடம் கேட்போர் உண்டு. வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதிடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் யார் என்று நீங்களே யோசியுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. ஆகவே உடன்பாடு எதுவாயினும் எழுத்தில், தொகை தொகையாக, திகதியுடன் இருக்கட்டும். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், கிளினிக் அட்டை ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் ஒரு கோவையில் வைத்திருங்கள். கர்ப்பத்தை அறிவித்ததையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்கியிருந்தால் மிக நல்லது.

பதினைந்து பேருக்குக் குறைந்த சிறிய இடங்களில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது. அங்கே வேலை செய்வோர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். பணிக்கொடையையும் அங்கேயே கேட்கலாம்.

பேச்சில் முடியாவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். தமிழும் அரச கரும மொழி; தமிழிலேயே முறைப்பாடு எழுதலாம். ஆனால் கெடு மாதக்கணக்கில்தான். "பிரசவம் முடியட்டும், நாற்பது கழியட்டும்" என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே அது கடந்துவிடுகிறது. நடக்க முடியாவிட்டால், நீங்கள் கையொப்பமிட்ட முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் சேர்த்து வையுங்கள்.