ஓடுதளத்தில் குண்டு விழும்போது

இந்தியாவின் மிக உயரிய போர் வீர விருதான பரம்வீர் சக்ரா என்றதும் நம் மனம் பனிமலைக்கும் பதுங்குகுழிக்கும்தான் போகும். வானத்தில் சண்டையிட்டு அதைப் பெற்றவரும் உண்டு. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். நடந்ததே சில நிமிடச் சண்டை. அது ஏன் அவ்வளவு பெரிது என்று புரிய, போர் விமானம் எப்போது பலவீனமாக இருக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும்.

போர் விமானத்துக்கு வேகமும் உயரமும்தான் பாதுகாப்பு. உயரம் என்பது கையிருப்புப் பணம் மாதிரி; மூக்கைக் கீழே சாய்த்தால் வேகமாக மாறிவிடும். வேகம் இருந்தால் சட்டென்று திரும்பலாம், தப்பலாம், எதிரியின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளலாம். தரையை விட்டு அப்போதுதான் கிளம்பும் விமானத்திடம் இரண்டுமே கிடையாது. மேலிருந்து பாய்ந்து வருபவனிடம் இரண்டும் தாராளமாக இருக்கும்.

1971 டிசம்பர் 14 காலை. இந்திய-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்தது. பெஷாவரிலிருந்து பாகிஸ்தானின் 6 சேபர் போர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானதளத்தைத் தாக்க வந்தன. தளத்தில் இந்திய விமானப்படையின் 18-வது ஸ்குவாட்ரனின் இரண்டு ‘நாட்’ விமானங்கள் தயார் நிலையில் நின்றன. ஒன்றில் ஃப்ளைட் லெப்டினன்ட் கும்மன். அவருக்குத் துணையாக இன்னொன்றில் ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். லூதியானா பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். எல்லாரையும் ‘பிரதர்’ என்றே கூப்பிடுவாராம். அதனால் சகாக்களுக்கு அவரும் ‘பிரதர்’ ஆகிப்போனார்.

அவருக்கு அந்த இடம் பழக்கமில்லை. 1948-ஐ ஒட்டிய சர்வதேச ஒப்பந்தத்தால், போர் மூளும்வரை ஸ்ரீநகரில் சண்டை விமானங்கள் நிறுத்தப்படவில்லை. மலைகளும் புதிது, குளிரும் புதிது. தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசானது. எஞ்சினின் தள்ளுவிசை குறையும், விமானம் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்பும்.

ஓடுதளத்தில் குண்டுகள் விழ ஆரம்பித்தபோதுதான் அவர்கள் கிளம்பினார்கள். கும்மன் முன்னே, செகோன் பின்னே. அந்த நேரத்தில் விமானத்தை விட்டிறங்கிப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. செகோன் ஓடுதளத்தில் நேராக ஓட்டி மேலே எழும்பினார். எழும்பியதுமே இரண்டு சேபர்களைத் துரத்தினார்.

நாட் விமானம் பொடிசு. நீளம் 9 மீட்டர்கூட இல்லை. சேபர் அதைவிடப் பெரியது. சட்டென்று வளைவதிலும் மேலே ஏறுவதிலும் நாட் கெட்டிக்காரன். அதில் இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. 1965 போரிலேயே அந்த விமானத்துக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் பனிமூட்டத்தில் கும்மனின் கண்ணிலிருந்து செகோன் மறைந்துபோனார். துணைக்கு வந்தவருக்குத் துணை இல்லாமல் போயிற்று. மற்ற சேபர்களும் சேர்ந்துகொள்ள, மரங்களின் உச்சியை ஒட்டிய உயரத்தில், தனி ஆளாய் வட்டமடித்துச் சண்டையிட்டார். கடைசியில் அவர் விமானம் அடிபட்டது. வெளியே குதிக்க முயன்றிருக்கிறார் என்கிறார்கள். பாராசூட் விரிய அந்த உயரம் போதவில்லை. உடல் கிடைக்கவேயில்லை.

ஒரு சேபரை அவர் சுட்டார், இன்னொன்றைத் தீப்பிடிக்க வைத்தார் என்கிறது விருதுக் குறிப்பு. எதையும் இழக்கவில்லை என்கிறது பாகிஸ்தான். இந்தக் கணக்குச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு சேபர்கூட விழவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அவர் செய்தது குறைந்துவிடாது. கையில் வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல், குண்டு விழும் ஓடுதளத்தில் கிளம்பிப் போனாரே, அதற்குத்தான் இந்த விருது என்று நான் நினைக்கிறேன்.

1950-இல் தொடங்கிய பரம்வீர் சக்ராவை இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் விமானப்படையைச் சேர்ந்தவர் செகோன் ஒருவர் மட்டுமே.