36-ஐ உடைத்தால் வயது தெரியும்... 617 இலக்க எண்ணை உடைத்தால்?

பள்ளித் தோழர்கள் இருவர் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள்.

"எனக்கு மூணு பொண்ணுங்கடா. அவங்க வயசைப் பெருக்கினா 36. கூட்டினா, அதோ அந்த எதிர் வீட்டுக் கதவு நம்பர். யாருக்கு எத்தனை வயசு, சொல்லு பார்ப்போம்!"

கதவு எண்ணைப் பார்த்த பிறகும் நண்பர் தலையைச் சொறிகிறார். "இது பத்தாதுடா."

"சரி, மூத்தவ வீணை கத்துக்கறா."

"அப்படின்னா கண்டுபிடிச்சுட்டேன்!"

உலகம் முழுக்கப் பல வடிவங்களில் சுற்றிவரும் புதிர் இது. வீணைக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

உடைத்துப் பாருங்கள்

36 ஒரு பகு எண். அதைப் பகா எண்களாக உடைத்தால் 2×2×3×3. இந்த நான்கையும் மூன்று பேருக்குப் பங்கிட எட்டு வழிகள்தான் உண்டு. பங்கு கிடைக்காதவருக்கு வயது 1.

1, 1, 36 – கூட்டினால் 38
1, 2, 18 – 21
1, 3, 12 – 16
1, 4, 9 – 14
1, 6, 6 – 13
2, 2, 9 – 13
2, 3, 6 – 11
3, 3, 4 – 10

கதவு எண் 10 என்றால், நண்பர் உடனே விடை சொல்லியிருப்பார். பார்த்த பிறகும் குழம்பியதால், அது இரண்டு முறை வரும் 13-ஆகத்தான் இருக்க வேண்டும். 'மூத்தவள்' என்று ஒருத்தி இருப்பதால் 1, 6, 6 அடிபடுகிறது. விடை 2, 2, 9. வீணை சும்மா!

பெருக்குவது சுலபம், உடைப்பது?

89-ஐ 97-ஆல் பெருக்க ஒரு நிமிடம் போதும், 8,633. ஆனால், 8,633-ஐ மட்டும் கொடுத்து உடைக்கச் சொன்னால்? 2, 3, 5, 7 என ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால், 24-வது முயற்சியில்தான் 89 சிக்கும்.

இந்தச் சிரமத்தையே பூட்டாக மாற்றினார்கள் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் என்ற மூவர். 1977-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், மார்ட்டின் கார்ட்னரின் பகுதியில் 129 இலக்க எண் ஒன்று வெளியானது. அதை உடைத்து ரகசியச் செய்தியைப் படித்தால் 100 டாலர் பரிசு. 17 வருடம் யாராலும் முடியவில்லை. 1994-ல் சுமார் 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாகக் கைகோத்து, எட்டு மாதம் உழைத்து உடைத்தார்கள்.

அந்த மூவரின் பெயரால் 'ஆர்.எஸ்.ஏ' எனப்படும் இந்த முறை, இன்றும் இணையப் பாதுகாப்பில் இருக்கிறது. இப்போது பரவலாகப் பயன்படும் பூட்டுகளில் இருப்பது 617 இலக்க எண். போனில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது, திரைக்குப் பின்னால் இப்படியொரு எண் காவல் நிற்கலாம்.

இப்போது உங்கள் முறை

மூன்று பிள்ளைகள். வயதைப் பெருக்கினால் 72. கூட்டுத்தொகை தெரிந்தும் விடை பிடிபடவில்லை. 'கடைக்குட்டி ரொம்பச் செல்லம்' என்றதும் புரிந்துவிட்டது. வயதுகள் என்ன?

(விடை: 2, 6, 6. கூட்டுத்தொகை 14. அதே 14 வரும் 3, 3, 8-ல் கடைக்குட்டி என ஒருவர் இல்லை!)