திரும்பி நடக்க வேண்டிய வீடு

முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் பாதிக்கு மேல் கடந்த பிறகு ஒரு காட்சி வரும். ஸ்பென்சர் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் காவலர் விடுதியில் வேலையை முடித்துவிட்டு, ஹெல்மெட் சின்னம் பொறித்த சாவியோடு மாளிகைக்குத் திரும்புகிறோம். அங்கே எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது அதற்குள் மனப்பாடம். ஜாம்பிகளில் பாதியை வீழ்த்தியாயிற்று, மீதியைச் சுற்றிப் போகக் கற்றாயிற்று. அப்போது திரை மாறுகிறது. யாருடைய கண் வழியாகவோ பார்க்கிறோம். அந்தப் பார்வை தரையோடு தாழ்ந்து ஓடுகிறது. நாம் சற்றுமுன் நடந்து வந்த அதே பாதை, அதே முற்றம். வந்து சேர்ந்ததும் அது கதவைத் திறக்கிறது.

ஹண்டர் என்ற பச்சை மிருகத்தின் வருகை அது. ஜாம்பிகளால் கதவைத் திறக்க முடியாது என்று அதுவரை நம்பி வந்தோம். அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு புது இடத்துக்கு நம்மை அழைத்துப் போகாமல், நன்றாகத் தெரிந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் இந்தத் தொடர் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது. ஒவ்வொரு புதிய பாகத்தையும் நான் எடைபோடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்: தெரிந்த இடத்துக்கு என்னைத் திரும்பிப் போக வைக்கிறதா?

1996 மார்ச்சில் ஜப்பானில் ‘பயோஹசார்ட்’ என்ற பெயரில் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்தது முதல் பாகம். இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அதன் விதை இன்னும் பழையது. 1989இல் அதே கேப்காம் நிறுவனம் ஃபமிகாம் கருவிக்காக ‘ஸ்வீட் ஹோம்’ என்றொரு விளையாட்டைக் கொண்டுவந்தது. பேய் வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள், கையில் கொஞ்சமே பொருள், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டிய கதவுகள் என்ற அமைப்பு அதிலேயே இருந்தது. அதை இயக்கிய தொக்குரோ ஃபுஜிவாராதான் பின்னால் மிகாமியிடம் இந்தப் புதிய வேலையை ஒப்படைத்தார்.

பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். அதற்குள் ஒரு மாளிகையை முப்பரிமாணத்தில் முழுதாக அடைக்க முடியாது. அதனால் அறைகளை முன்கூட்டியே தயாரித்த அசையாப் படங்களாக வைத்து, மனிதர்களையும் ஜாம்பிகளையும் மட்டும் அவற்றின்மேல் நடமாட விட்டார்கள். 1992இல் வந்த ‘அலோன் இன் தி டார்க்’ காட்டிய வழி அது. கேமரா ஒவ்வொரு மூலையிலும் ஆணி அடித்ததுபோல் நிற்கும். நாம் நகர்ந்தால் கோணம் சட்டென்று மாறும். அப்படி மாறும்போது திசை குழம்பாதிருக்கத்தான், மேல் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தன் முகம் இருக்கும் பக்கமே நடப்பது என்ற ஏற்பாடு. இன்று முதன்முறை தொடுகிறவர்களுக்கு அது சுவரில் முட்டி முட்டி நடப்பதுபோல் இருக்கும். கை பழகிவிட்டால் உடம்பின் கனத்தை உணர்த்தும் ஒரே கட்டுப்பாட்டு முறையாகவும் அதுவே படும்.

அறை விட்டு அறை போகும்போது கறுப்புத் திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கும். அடுத்த அறையைக் குறுந்தட்டிலிருந்து படித்து முடிக்கும் வரை நேரத்தை ஓட்டும் வேலை அதற்கு. ஆனால் வீட்டை வீடாக்கியது அந்தக் கதவுதான். ஒவ்வோர் அறையின் ஆபத்தும் அந்தந்த அறைக்குள் பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய நடையில் ஒன்று, மாடிப்படிக்கருகே இரண்டு என்று மனதில் கணக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. நாம் தேர்ந்து ஆடும் இரு பாத்திரங்களில் கிறிஸால் 6 பொருள்தான் சுமக்க முடியும், ஜில்லால் 8. சாவிக்கு இடம் வேண்டுமென்றால் தோட்டாவையோ மூலிகையையோ பெட்டியில் வைத்துவிட்டு வரவேண்டும். விளையாட்டைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறி வேண்டும், அதற்கு மை நாடா வேண்டும், நாடாவுக்கும் தட்டுப்பாடு. ஆகவே ஒரே நடையில் ஐந்தாறு முறை போய்வருவோம். ஒவ்வொரு முறையும், இந்த ஜாம்பிக்குத் தோட்டா செலவழிப்பதா, உரசிக்கொண்டு ஓடிவிடுவதா என்ற அதே கேள்வி. இன்னும் எத்தனை முறை இவ்வழியே வரவேண்டும் என்று தெரியாத நிலையில் எடுக்கும் முடிவு அது. அந்த வயதில் வேறெந்த விளையாட்டும் என்னை இப்படி யோசிக்க வைத்ததில்லை.

2002இல் கேம்க்யூப் கருவிக்காக மிகாமியே அதை மறுபடி உருவாக்கினார். இந்தத் தொடரிலேயே உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். முதல் பாகத்தின் சூட்சுமம் எது என்று அதைச் செய்தவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதில் சான்று இருக்கிறது. சுட்டு வீழ்த்திய ஜாம்பியின் தலை சிதறியிருக்க வேண்டும், அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி அதை எரித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சில மணி நேரம் கழித்து அது சிவந்த முகமும் நீண்ட நகமுமாக எழுந்து ஓடிவரும். கிரிம்சன் ஹெட் என்று பெயர். மண்ணெண்ணெயோ கொஞ்சம்தான். எந்த உடலை எரிப்பது, எதை அப்படியே விடுவது? முன்பு செய்த வேலைக்கான விலையை அதே நடையில் பிறகு கேட்டு வாங்கினார்கள். இவ்வளவு செம்மையான படைப்பு அப்போது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அந்த விற்பனை ஒரு காரணம், ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் அலுத்துவிட்டது இன்னொரு காரணம். 2005இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது. ஆணியடித்த கேமரா கதாநாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. மாளிகைக்குப் பதில் ஸ்பெயினின் ஒரு கிராமம், பிறகு கோட்டை, பிறகு தீவு. ஜாம்பிகளுக்குப் பதில் கோடரியும் மண்வெட்டியும் ஏந்திய, பேசத் தெரிந்த, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற ஊர்க்காரர்கள். தோளுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கேமராவை உலகத்தின் பாதிச் சண்டை விளையாட்டுகள் எடுத்துக்கொண்டன. அது அபாரமான படைப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறி வைக்கும்போது லியோனால் ஓரடிகூட நகர முடியாது என்ற ஒரே கட்டுப்பாடு, அத்தனை வெட்டவெளியிலும் நெஞ்சை இறுக்கியது. ஆனால் பயணம் பெரும்பாலும் முன்னோக்கியே போனது. ஒரு கதவைத் தாண்டினால் அதை மறந்துவிடலாம்.

அடுத்து வந்தவை அந்த ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. 2009இன் ஐந்தாம் பாகம் இருவர் சேர்ந்து ஆப்பிரிக்காவில் சுட்டுத் தள்ளுவதாக ஆனது. கறுப்பின மக்களை அது காட்டிய விதம் வெளிவரும் முன்பே கண்டனத்துக்கு உள்ளாயிற்று, அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. 2012இன் ஆறாம் பாகத்தில் விமானம் விழுந்தது, நகரம் வெடித்தது, எத்தனையோ கதாநாயகர்கள் தனித்தனியே ஓடினார்கள். எந்த இடத்திலும் ஒரு சுவரின் நிறத்தை நினைவில் வைக்கும் அளவு நிற்க விடவில்லை. தனக்குத்தானே வைத்த விற்பனை இலக்கை அதன்பிறகு கேப்காம் குறைக்க வேண்டியிருந்தது.

2017 ஜனவரியில் ஏழாம் பாகம் வந்தபோது நான் முதலில் கவனித்தது கதவைத்தான். லூயிசியானாவின் சதுப்பு நிலத்து ஓரத்தில், டல்வி என்ற ஊரில், பேக்கர் குடும்பத்தின் வீடு. கதவைத் தள்ளினால், நாம் ஆடும் பாத்திரமான ஈத்தனின் கை மெல்ல நீளும், இடுக்கு அகலும், உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். நினைவகத் தட்டுப்பாட்டுக்காகப் பிறந்த பழைய தாமதம், இப்போது எந்தக் கட்டாயமும் இல்லாமல், வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. தேள் சாவி, பாம்புச் சாவி, காக்கைச் சாவி. வெளிவாசலைத் திறக்க மூன்று நாய்த்தலைச் சில்லுகள். நம் கண்ணே கேமராவாகிவிட்டது. ஆனாலும் பழைய மாளிகைக்குள் வந்துவிட்டோம் என்று பத்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது. கோஷி நகனிஷியின் குழு, 1996இல் இருந்த எதை மீட்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சரியாகத் தேர்ந்திருந்தது.

2019இல் மறுஆக்கமாக வந்த இரண்டாம் பாகத்தில் அன்றும் இன்றும் ஒரே கட்டடத்துக்குள் எதிரெதிரே நிற்கின்றன. 1998இன் மூலத்தை ஹிதேகி காமியா இயக்கினார். பாதிக்கு மேல் முடிந்திருந்த ஒரு வடிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கி எடுத்தது அது. அதிலே ரக்கூன் நகரக் காவல் நிலையத்தில், தொப்பி இல்லாத நீளக் கோட்டுக்காரன் ஒருவன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சுவரை உடைத்து வருவான். மிஸ்டர் எக்ஸ். இரண்டு கதவு தாண்டினால் தப்பிவிடலாம். புதியதில் அவன் தொப்பி வைத்துக்கொண்டு கட்டடம் முழுக்கச் சுற்றுகிறான். மாடியில் அவன் பூட்ஸ் ஒலி கேட்கிறது. எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று காதாலேயே கணிக்க வேண்டியிருக்கிறது. நாக்கு நீண்ட லிக்கருக்குக் கண் தெரியாது, ஆகவே அது இருக்கும் நடையில் அடிமேல் அடி வைத்து மெல்லப் போகவேண்டும். பின்னால் மிஸ்டர் எக்ஸ் வந்தால் ஓடவேண்டும். இரண்டும் ஒரே நடையில் சேரும்போது சரியான விடையே கிடையாது. அறைக்குள் பூட்டிக் கிடந்த ஆபத்து இப்போது கட்டடம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. ஜன்னலுக்குப் பலகை அடித்து நாம் பாதுகாப்பாக்கிய நடையையும் அவன் வந்து பயனற்றதாக்குகிறான். இதை 1996இன் கருவியில் செய்திருக்கவே முடியாது.

இழந்ததும் உண்டு. ஆணியடித்த கேமரா ஒரு திரைப்படக்காரரின் கண்ணோடு சட்டகம் கட்டியது. மூலைக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்கும், பாத்திரத்துக்கு நேரெதிரே அது நிற்கும், நமக்கு மட்டும் தெரியாது. தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் எந்த விளையாட்டும் இதைத் தர முடியாது. வரைபடமும் மாறிவிட்டது. எடுக்காமல் விட்ட பொருள் இருந்தால் அறை சிவப்பு, எல்லாம் முடிந்தால் நீலம். வசதிதான். ஆனால் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எந்தக் கதவில் எந்தச் சின்னம் என்று நாமே எழுதியபோது வீடு நம் தலைக்குள் குடியேறியது. இப்போது அது வரைபடத்தில்தான் இருக்கிறது. 2020இல் வந்த மூன்றாம் பாகத்தின் மறுஆக்கம், மூலத்தின் மணிக்கூண்டு மாளிகையையே வெட்டி எறிந்துவிட்டு அவசரமாக ஓடியது. ஆறாம் பாகத்தின் பிழை அந்த நிறுவனத்தின் கையைவிட்டு முற்றிலும் போய்விடவில்லை என்று அன்று தோன்றியது.

2024இல் முதல் மூன்று பாகங்களும் பழைய உருவத்திலேயே இன்றைய கணினிகளில் ஓடும்படி ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு வந்தன. மறுஆக்கங்கள் வழியாக உள்ளே வந்த இளையவர்கள் பலர் அவற்றை வாங்கிவிட்டு, கால் தடுமாறி, மரக்கட்டைக் குரலில் பேசும் வசனங்களைக் கேட்டு, அரை மணியில் மூடிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான். காவலர் விடுதியில் ஹெல்மெட் சாவியை எடுக்கும் வரைக்குமாவது பொறுத்திருங்கள். பிறகு மாளிகைக்குத் திரும்பி நடங்கள்.